வலி நின்றால் நோய் நின்றதாகிவிடாது

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு மருமகள் எழுதியிருக்கிறார். பெயரையும் தோட்டத்தையும் விட்டுவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய மாமியாருக்கு 47 வயது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கொழுந்து பறிக்கிறார். எட்டு மாதங்களுக்கு முன் இரண்டு கைகளிலும் விரல் மொளிகள் ஒருசேர வீங்கின. பிறகு மணிக்கட்டு, பிறகு பாதத்தின் முன்பகுதி. தோட்டத்து டிஸ்பென்சரியில் வலி மாத்திரை வாங்கிச் சமாளித்தார்கள். கடைசியில் கண்டிக்குப் போய்க் காட்டியபோது முடக்குவாதம் என்று சொல்லி, வாரம் ஒரு நாள் மட்டும் எடுக்கும் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஐந்து வாரம் எடுத்தும் வலி குறையவில்லை, குமட்டல்தான் மிச்சம். போதாததற்கு டவுன் மருந்துக் கடையில் யாரோ ‘இது கேன்சர் மருந்து’ என்று சொல்லிவிட, அத்தோடு நிறுத்திவிட்டார். இப்போது உறவினர் ஒருவர் கொடுத்த சின்ன வெள்ளை மாத்திரையும், மாதம் ஒருமுறை வந்துபோகும் வைத்தியர் ஒருவரின் சூரணமும்தான் மருந்து. இரண்டே நாளில் வலி போய்விட்டதாம். முகம் நிறைந்து, உடம்பும் வைத்துவிட்டதாம். ஆனால் விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாயத் தொடங்கியிருக்கின்றன.

கணவர் கொழும்பில் வேலை. வீட்டில் மாமியாரும் மருமகளும்தான். மருமகள் நான்கு மாதக் கர்ப்பிணி. ‘காலையில் தேத்தண்ணிக் கோப்பையைக்கூடப் பிடிக்க முடியவில்லை என்று அழுகிறார். பதினொரு மணிக்குப் பார்த்தால் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து கீரை ஆய்கிறார். இது உண்மையான நோயா, வேலைக்குப் போக மனமில்லாத சாக்கா? எனக்கே சந்தேகம் வந்து, அப்படிச் சந்தேகப்பட்டதற்காக வெட்கமாகவும் இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறார். பச்சைத் தண்ணீரிலும் பனியிலும் கை வைத்ததால் வந்ததா, தனக்கும் குழந்தைக்கும் ஒட்டுமா, வேலையை விட்டுப் பணத்தை எடுத்துவிடலாமா என்பன மற்றக் கேள்விகள்.

அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்தச் சந்தேகத்தைப் பற்றியே பேசிவிடுவோம். மூட்டுவாத கிளினிக்கில் நீண்ட காலமாகப் பணியாற்றும் தாதி நான். உங்கள் கடிதத்தில் நீங்கள் சாக்கு என்று நினைத்த அந்த ஒரு வரிதான் எனக்கு நோயை மிகத் தெளிவாகக் காட்டியது. காலையில் முடியாமையும் நண்பகலில் முடிவதும் முடக்குவாதத்தின் முகவரி. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்த மூட்டின் உள்சவ்வையே பகையாக நினைத்துத் தாக்குவதால் வரும் நோய் இது. அந்த அழற்சி இரவின் கடைசிப் பகுதியில்தான் உச்சத்துக்குப் போகிறது. அதோடு, மணிக்கணக்கில் அசையாமல் கிடந்த மூட்டு வீங்கி இறுகிப்போகிறது. அசைய அசைய, ஒரு மணி நேரத்திலோ இரண்டு மணி நேரத்திலோ இளகும். தேய்மானத்தால் வரும் மூட்டுவலி இப்படியல்ல. காலையில் சில நிமிடங்களில் விட்டுவிடும், வேலை செய்யச் செய்யத்தான் கூடும். உங்கள் மாமியாரிடம் வைத்தியர் முதலில் கேட்டிருக்கக்கூடிய கேள்வியும் ‘காலையில் கை இளக எவ்வளவு நேரம் ஆகிறது?’ என்பதுதான்.

தோட்டத்தில் இந்த நோயின் கொடுமையே இங்கேதான் இருக்கிறது. பெரட்டு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் நேரம், விடியற்காலையில். கை இளகுவது பத்து மணிக்கு. கங்காணி பார்ப்பது விடியற்காலைக் கையை அல்ல, மத்தியானக் கையை. அதனால்தான் ‘சும்மா சொல்கிறாள்’ என்ற பேச்சு ஊரில் எளிதாகப் பரவுகிறது. மாமியார் கீரை ஆய்ந்ததைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கை இளகிய நேரத்தில் சிறிய வேலை செய்வது நல்லது. அதைக் குற்றமாகப் பார்த்தால் அவர் நாள் முழுவதும் கையை மடக்கிக்கொண்டு படுத்துக் கிடப்பார். மூட்டு அப்படியே இறுகும். வெட்கப்பட்டீர்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அது போதும். இந்தக் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அந்த வெள்ளை மாத்திரை

எழுத்தில் படித்துவிட்டு ஒரு மாத்திரையின் பெயரைச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு நாளில் வலி பறந்தது, பசி கூடியது, கன்னம் உப்பியது என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் அது பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்ட் என்றே பலமாகச் சந்தேகிக்கிறேன். சில சூரணங்களிலும் இதே மருந்தை அரைத்துக் கலந்துவிடுகிறார்கள். ஊரார் ‘உடம்பு வைத்துவிட்டது’ என்று மகிழும் அந்த முகம் ஆரோக்கியத்தின் முகமல்ல. மருந்தின் பக்கவிளைவு அது.

ஸ்டீராய்டை நான் பழிக்கவில்லை. 1948இல் அமெரிக்காவில் ஃபிலிப் ஹென்ச் என்ற வைத்தியர் முடக்குவாதத்தால் நடக்க முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களிலேயே அந்தப் பெண் எழுந்து நடந்தார். 1950இல் அந்தக் கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் பெரிய அளவில் தொடர்ந்து கொடுத்தபோது விளைவுகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன: எலும்பு மெலிதல், சீனி வியாதி, இரத்த அழுத்தம், ஆறாத புண், எளிதில் தொற்றும் கிருமி. இன்றும் வைத்தியர்கள் இதைக் கொடுக்கிறார்கள். குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு, முக்கிய மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை. முக்கிய மருந்தே இல்லாமல் இதை மட்டும் விழுங்கினால் வலி அடங்கியிருக்கும்போதே மூட்டு அரிபட்டுக்கொண்டிருக்கலாம். மாமியாரின் விரல் சாய்வது அதைத்தான் சொல்கிறது.

இப்போது மிகக் கவனமாக வாசியுங்கள். அந்த மாத்திரையை அடுப்பில் போட்டுவிடப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பல வாரங்கள் எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால் உடல் தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரை, சூரணம் இரண்டையும் அந்தந்த உறையோடு ஒரு பையில் போட்டு கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். திட்டுவார்கள் என்று மறைக்க வேண்டாம். படிப்படியாகக் குறைக்கும் கணக்கை வைத்தியர் எழுதித் தருவார்.

‘கேன்சர் மருந்து’ என்று பயமுறுத்தப்பட்ட மருந்து

வாரம் ஒருமுறை கொடுத்தது மெதோட்ரெக்சேட் ஆக இருக்க வேண்டும். மருந்துக் கடைக்காரர் சொன்னது முழுப் பொய்யல்ல, ஆனால் அரை உண்மை. புற்றுநோய்க்கு இதை மிகப் பெரிய அளவில் கொடுப்பதுண்டு. முடக்குவாதத்துக்குக் கொடுப்பதோ வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம் வரைதான். 1980களிலிருந்து இந்த நோய்க்குப் பரவலாகக் கொடுக்கப்படுகிறது; இன்று உலகமெங்கும் முதலில் எடுக்கும் மருந்து இதுவே.

இது வலி மாத்திரையல்ல. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய மலை மறுபடி துளிர்க்க வாரக்கணக்கில் காத்திருக்கிறோமல்லவா, அதுபோல இதன் பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். மாமியார் ஐந்தாவது வாரத்தில், பலன் தொடங்கும் வாசலில் நின்றுகொண்டு திரும்பிவிட்டார். எனக்கு இந்தக் கடிதத்தில் மிகவும் மனம் நொந்த இடம் இதுதான். நோய் தொடங்கிய முதல் சில மாதங்களில் சரியான மருந்து கிடைத்தால் மூட்டுகளைப் பெருமளவு காப்பாற்றலாம். சாய்ந்துவிட்ட விரலை எந்த மாத்திரையும் நிமிர்த்தாது. ஆனால் சாயாத விரல்கள் இன்னும் இருக்கின்றன, அவற்றுக்காகத்தான் அவசரப்படுத்துகிறேன்.

குமட்டலுக்கு வழி உண்டு. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துப் பார்க்கலாம். வேறொரு நாளில் எடுக்கக் கொடுக்கும் ஃபோலிக் அசிட் மாத்திரை குமட்டலையும் வாய்ப்புண்ணையும் குறைக்கும். அப்படியும் முடியாவிட்டால் ஊசியாகப் போடும் வழியும் இருக்கிறது. ஆனால் வீட்டில் மிச்சமிருப்பதை எடுத்து நீங்களாகத் தொடங்க வேண்டாம். இரத்தப் பரிசோதனை செய்துவிட்டு வைத்தியர் சொன்ன பிறகே தொடங்க வேண்டும்.

தொடங்கிய பின், இது வாரம் ஒருமுறை என்பதை வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டும். தினமும் எடுத்துவிட்டால் இரத்த அணுக்கள் சரிந்து உயிர் போகும் அபாயம் உண்டு. கிளினிக்கில் மாத்திரைகளைச் சிறிய கடதாசி உறையில் போட்டுத் தருவார்கள். உறையில் எழுதியிருப்பது மாமியாருக்கு வாசிக்கத் தெரியாத மொழியாக இருக்கலாம். அந்த உறையின் மேல் தமிழில் ‘ஞாயிறு மட்டும்’ என்று, அல்லது வைத்தியர் சொன்ன கிழமையை, பெரிதாக எழுதுங்கள். சுவர்க் கலண்டரில் எடுத்த அன்று சிலுவைக்குறி போடுங்கள். 2.5 மில்லிகிராம் மாத்திரையும் 10 மில்லிகிராம் மாத்திரையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கலாம். வெளியே வாங்க நேர்ந்தால் அளவைக் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

நீங்கள் கர்ப்பிணி என்பதால் இன்னொன்று. இந்த மருந்து கருவைப் பாதிக்கக்கூடியது. மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ வேண்டாம். உறையிலிருந்து கரண்டியில் கொட்டி மாமியாரின் உள்ளங்கையில் வையுங்கள், பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதுவே போதும், ஒரே வீட்டில் இருப்பதால் எந்தக் கெடுதியும் இல்லை. இதே நோயுள்ள, பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்கள் இதை வாசித்தால், கருத்தரிப்பதைப் பற்றி வைத்தியரிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

முதலில் சில வாரங்களுக்கு ஒருமுறையும், பிறகு இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் இரத்தமும் ஈரலும் பார்க்கப்படும். ஹட்டன் வந்து, கினிகத்தேனை, நாவலப்பிட்டி வழியாகக் கண்டிக்குப் போய்த் திரும்பினால் ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பரிசோதனைகளையாவது உங்களுக்கு அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையில் செய்துகொள்ள முடியுமா என்று கேளுங்கள். கடிதம் எழுதித் தரச் சொல்லுங்கள். உடம்பு வலிக்குச் சிறிது சாராயம் எடுக்கும் வழக்கம் மாமியாருக்கு இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த மருந்தும் மதுவும் சேர்ந்தால் அடிபடுவது ஈரல்.

வீட்டில் உங்கள் கையால் செய்யக்கூடியவை

விடியற்காலையில் ஆரம்பியுங்கள். அடுப்பு மூட்டியதும் ஒரு பேசினில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வையுங்கள். மாமியார் இரண்டு கைகளையும் மணிக்கட்டுவரை அமிழ்த்தி, தண்ணீருக்குள்ளேயே விரல்களை மெதுவாக மடக்கி நீட்ட வேண்டும். ஒவ்வொரு விரலாகக் கட்டைவிரலைத் தொட வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் போதும். நீங்கள் பிடித்து இழுத்து நீட்டக் கூடாது. அவரே செய்ய வேண்டும். மூட்டு சிவந்து, தொட்டால் சுடுகிற நாட்களில் மட்டும் சூடு வேண்டாம். குழாய்த் தண்ணீரில் துணியை நனைத்துச் சுற்றுங்கள். நம் மலைநாட்டுக் குழாய்த் தண்ணீரே ஐஸ் போலத்தானே இருக்கிறது.

விரல் நுனியால் கிள்ளிப் பிடிக்கும் வேலைகளை உள்ளங்கைக்கும் முன்கைக்கும் மாற்றுவதுதான் அடுத்த கலை. போத்தல் மூடியை உள்ளங்கையால் அழுத்தித் திருப்பலாம். கோப்பையின் கைப்பிடியைப் பிடிக்காமல் இரண்டு உள்ளங்கைக்குள் அணைத்துப் பிடிக்கலாம். கத்தி, அகப்பைப் பிடிகளில் பழைய துணியைச் சுற்றிப் பருமனாக்குங்கள். ஈரத்துணி பிழிவதும் தேங்காய் துருவுவதும் வீக்கம் இருக்கும்வரை வேண்டாம். நீங்களும் கனமான வேலைகளைத் தவிர்க்க வேண்டிய காலம் என்பதால், ஒரு வாளியில் பாதித் தண்ணீர் என்று பழகிக்கொள்ளுங்கள்.

முழங்கால் வலித்தால் அதன் அடியில் தலையணை வைக்கத் தோன்றும். சுகமாகவும் இருக்கும். ஆனால் நாள்தோறும் அப்படியே படுத்தால் கால் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். காலை நீட்டித்தான் படுக்க வேண்டும்.

கழுத்தைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இது நம் தோட்டப் பெண்களுக்கென்றே உள்ள ஆபத்து. முடக்குவாதம் கழுத்தின் உச்சியிலுள்ள எலும்பு மூட்டையும் தளர்த்தக்கூடும். கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி முதுகில் சுமப்பதும், விறகுக் கட்டைத் தலையில் ஏற்றுவதும் அந்த மூட்டின் மேல்தான் விழுகின்றன. நோய் கட்டுக்குள் வரும்வரை இந்தச் சுமைகள் கூடாது. நெட்டி முறிப்பவர், எலும்பு வைத்தியர் யாரும் கழுத்தைத் திருகவும் விடாதீர்கள். எப்போதாவது சத்திரசிகிச்சைக்காக மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால், இந்த நோய் இருப்பதை முதலில் சொல்லுங்கள்.

சாப்பாட்டில் கத்தரிக்காய், புளி என்று விலக்கி வைக்கத் தேவையில்லை. இந்த நோயில் சோகை வருவது சாதாரணம். ஸ்டீராய்ட் எலும்பை மெலியச் செய்திருக்கலாம். கீரை, பருப்பு, முட்டை, எலும்போடு உண்ணும் நெத்தலிக் கருவாடு எல்லாம் வேண்டும். சோற்றோடு சேர்த்துத் தேத்தண்ணி குடிப்பதை மட்டும் மாற்றுங்கள், இரும்புச் சத்து உடலில் சேர்வதை அது குறைக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். இது கர்ப்பிணியான உங்களுக்கும் பொருந்தும்.

உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டிய நேரங்கள்

காய்ச்சல், வாய் முழுக்கப் புண், காரணமில்லாமல் இரத்தம் கசிதல், கண் மஞ்சளாதல், புதிதாக வறட்டு இருமலும் மூச்சுத் திணறலும். இவற்றில் எது வந்தாலும் அந்த வார மெதோட்ரெக்சேட்டை எடுக்காமல் அன்றே போங்கள். மலம் கரியாகப் போனால் வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கி இரத்தம் கசிவதாக இருக்கலாம். ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரென வீங்கிக் கொதித்தால் கிருமி தொற்றியிருக்கலாம். கை கால் மரத்துப்போவது, கழுத்திலிருந்து மின்சாரம் பாய்வதுபோல உணர்வது, கண் சிவந்து கடுமையாக வலிப்பது ஆகியவற்றையும் நாளைக்கென்று தள்ளக் கூடாது. வாகனம் கிடைக்காவிட்டால் 1990 என்ற எண்ணுக்கு அழையுங்கள், சுவசெரிய ஆம்புலன்ஸ் இலவசம்.

மிச்சக் கேள்விகள்

பச்சைத் தண்ணீரும் பனியும் இந்த நோயைக் கொண்டுவருவதில்லை. குளிரில் வலி கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான். வெயில் கொளுத்தும் ஊர்களிலும் இதே நோய் இருக்கிறது. மாமியார் தன் மேல் பழி போட்டுக்கொள்ளத் தேவையில்லை. ஒட்டுநோயும் அல்ல, ஒரே கோப்பையில் குடித்தாலும் உங்களுக்கு வராது. இரத்த உறவில் சற்றுக் கூடுதல் வாய்ப்பு இருப்பது உண்மை, ஆனால் இந்த நோயுள்ளவர்களின் பிள்ளைகளிலும் பேரப்பிள்ளைகளிலும் பெரும்பாலோருக்கு இது வருவதேயில்லை. உங்கள் குழந்தையை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம்.

வேலையை விடும் விஷயத்தில் நான் சட்டத்தரணி அல்ல. கிளினிக்குக்கு வருபவர்களோடு பழகியதில் தெரிந்ததைச் சொல்கிறேன். ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் வேலையை விட்டபின் 50 வயதில் எடுக்கலாம். இனி வேலையே செய்ய முடியாது என்று வைத்தியச் சான்று இருந்தால் அதற்கு முன்னும் எடுக்கலாம். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவர் என்பதால், நாட்சம்பளக்காரர்களுக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடையும் உண்டு. ஆனால் இன்றைக்கே விலகல் கடிதத்தில் கைநாட்டு வைத்துவிட வேண்டாம். மருந்து சரியாக எடுத்த பலர் வேலைக்குத் திரும்பியிருக்கிறார்கள். தோட்டம் கொடுத்த லயத்து வீடும் வேலையோடு பிணைந்து கிடக்கிறது. விலகினால் வீடு என்னவாகும் என்பதைத் தோட்டத் தலைவரிடமும் சங்கத்திலும் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கிளினிக்கில் வைத்தியச் சான்றிதழ் வாங்கி, நிர்ணயித்த கிலோ பறிக்க முடியாமல் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழுவதற்குப் பதிலாக, நர்சரி போன்ற இலகு வேலை ஆறு மாதத்துக்குக் கேட்கலாம். கேட்டால் கட்டாயம் கிடைக்கும் என்று நான் வாக்குத் தர முடியாது, ஆனால் எழுத்தில் கேட்டது பிறகு உதவும்.

அடுத்த கிளினிக் நாளுக்கு உங்கள் கணவரை ஒரு நாள் லீவு போட்டு வரச் சொல்லுங்கள். அம்மாவின் நோயை மனைவியின் வாய்வழியாக அல்ல, வைத்தியரின் வாயால் அவர் நேரில் கேட்க வேண்டும். தவறிப்போன கிளினிக் தேதிக்காகத் தயங்கி இன்னொரு மாதம் காத்திருக்காதீர்கள். பழைய கிளினிக் கொப்பி, மாத்திரை, சூரணம் மூன்றையும் எடுத்துக்கொண்டு, வரும் வாரத்திலேயே போய், ‘நான்கு மாதமாக மருந்து நிறுத்தியிருக்கிறோம், விரல் சாய்கிறது’ என்று வாசலில் இருக்கும் தாதியிடமே முதலில் சொல்லுங்கள்.